டிபன் பாக்ஸுக்குள் ஒரு வரலாறு

காலையில் வேலைக்குக் கிளம்புகிற ஒருவரின் பையைத் திறந்து பார்த்தால் மதியச் சாப்பாடு இருக்கும். ஆனால் பதினோரு மணிப் பசிக்கும் நாலு மணிப் பசிக்கும் பெரும்பாலான பைகளில் எதுவும் இருக்காது. அந்த நேரத்துக்கு டீயும் பிஸ்கட்டும், இல்லாவிட்டால் வாசல் கடை பஜ்ஜியும்தான். "வீட்டிலிருந்தே சுண்டல், கடலை, பழம் என்று விதவிதமாக எடுத்துப் போங்கள்" என்று இப்போது எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் புதிய யோசனை இல்லை. தமிழ்நாட்டு உழைப்பாளிகள் பல நூறு வருடங்களாகச் செய்து வந்த ஒன்று அது. நடுவில் எப்படிக் கைவிட்டுப் போனது என்பதுதான் கேள்வி.

சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் வரலாறு வேறு பதில் சொல்கிறது. வேலை செய்கிற இடத்தில் ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை அவருடைய நாக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. சாப்பிடக் கிடைக்கும் நேரம், எடுத்துப் போகும் பாத்திரம், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

கட்டுச்சோறும் கஞ்சிக் கலயமும்

வழியில் உண்பதற்காக எடுத்துச் செல்லும் உணவுக்குப் பழந்தமிழில் 'ஆற்றுணா' என்று பெயர். ஆறு என்றால் இங்கே வழி. பின்னாளில் கட்டுச்சோறு, பொதிசோறு என்ற சொற்கள் வந்தன. புளிச்சோறு இந்த வகையில் முதலிடம் பிடித்ததற்குக் காரணம் ருசி மட்டுமல்ல. புளியின் அமிலமும் நல்லெண்ணெயும் சோற்றைச் சீக்கிரம் கெடாமல் வைத்திருக்கும். குளிர்பெட்டி இல்லாத காலத்து விஞ்ஞானம் அது!

வயலுக்குப் போனவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் கலயத்தில் கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ பழைய சோறோ போகும். கடித்துக்கொள்ள வெங்காயம், மோர் மிளகாய், துவையல், சில வீடுகளில் கருவாடு. நடுவில் கொறிக்க அந்தந்தப் பருவத்தில் விளைவது எதுவோ அது. தை மாதம் பனங்கிழங்கு, கடலை பிடுங்கும் நாளில் பச்சைக் கடலை, மற்ற நாட்களில் அவித்த பயறு அல்லது மொச்சை. 'தினம் ஒரு வகை' என்று யாரும் அட்டவணை போட்டுத் தரவில்லை. பருவம் மாறினால் தீனியும் தானாகவே மாறியது. இதைப் பொற்காலம் என்று சொல்லிவிடக் கூடாது. விளைச்சல் பொய்த்த வருடங்களில் கலயம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் கிடைத்த காலத்தில் அதில் வகை இருந்தது.

அரை மணி நேரத்துக்காக நடந்த சண்டை

பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்தது ஆலைச் சங்கு. சென்னை பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில் 1876-இலும் கர்நாடிக் மில் 1881-இலும் தொடங்கின. வயலில் பசித்தால் வரப்பில் உட்காரலாம். ஆலையில் இயந்திரம் நின்றால்தான் உட்கார முடியும்.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. அது பெரும்பாலும் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றியே கவலைப்பட்டது. ஏழு வயதுக் குழந்தையை ஒன்பது மணி நேரம் வரை வேலை வாங்க அது அனுமதித்தது என்றால் அந்தக் காலம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை கொடுக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி கூட இல்லை.

1884-இல் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டி ஒரு மனு தயாரித்தார். 5,500 பேர் அதை ஆதரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வேண்டும் என்பதோடு சேர்த்து அவர்கள் கேட்டது, நண்பகலில் அரை மணி நேர ஓய்வு. அவ்வளவுதான்! கிட்டத்தட்ட ஏழு வருடம் கழித்து, 1891 சட்டத்தில்தான் அந்த அரை மணி பொதுவான விதியாக இடம்பெற்றது.

விதி வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. அரை மணி நேரத்துக்குள் இயந்திரத்தை விட்டு வெளியே வந்து, கை கழுவி, இடம் தேடி உட்கார்ந்து, சாப்பிட்டு, மறுபடி வாயில் கதவு மூடுவதற்குள் உள்ளே ஓட வேண்டும். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றாக எல்லாப் பாடப் புத்தகங்களும் அதைக் குறிப்பிடுகின்றன. ஆனால் அந்தச் சங்கம் பேசிய ஆரம்பக் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கான நேரம் போதவில்லை என்பது. இதைப் பாடப் புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. கூலிக்கு முன்னால், அல்லது கூலியோடு சேர்ந்து, நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடும் உரிமையும் தொழிற்சங்க வரலாற்றில் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றது 55-ஆவது பிரிவு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேண்டீனும், 150 பேருக்கு மேல் இருந்தால் கொண்டு வந்த சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடக் குடிநீர் வசதியோடு ஓர் அறையும் வேண்டும் என்று சொன்னது. 2020-இல் நிறைவேறிய புதிய சட்டத் தொகுப்பு கேண்டீனுக்கான எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்தது. இன்று ஒருவர் மேஜையில் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிடுகிறார் என்றால் அதற்குப் பின்னால் இத்தனை பேருடைய போராட்டம் இருக்கிறது.

பாத்திரம் மாறிய கதை

எதில் எடுத்துப் போவது என்பதும் சின்ன விஷயம் இல்லை. மண் கலயம் உடையும். பித்தளைத் தூக்கு கனம்; உள்ளே ஈயம் பூசாவிட்டால் புளியும் தயிரும் களிம்பு ஏறிக் கெட்டுவிடும். இங்கே சென்னைக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். அது வியாபாரமாக வளர்ந்து 1903-இல் ஒரு தனியார் கம்பெனிக்கு விற்கப்பட்டது. இலேசான, மலிவான பாத்திரம் சாதாரண மக்கள் கைக்கு வந்தது. ஆனால் அலுமினியத்துக்கும் புளிக்கும் ஒத்துப்போகாது. அந்தக் குறையைத் தீர்த்தது எவர்சில்வர். சேலம் உருக்காலை 1981-இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, தமிழ்நாட்டிலேயே உருட்டிய எவர்சில்வர் தகடு கிடைத்தது.

'டிபன்' என்ற சொல்லும் இப்படி உருமாறியதுதான். சாப்பாட்டு வேளைக்கு நடுவே கொஞ்சம் குடிப்பதையும் கொறிப்பதையும் குறிக்கும் ஆங்கிலக் கொச்சைச் சொல்லிலிருந்து அது வந்தது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு டிபன் என்றால் இலேசான மதிய உணவு. தமிழில் அது இட்லி, தோசை, பொங்கல் என்று காலைக்கும் மாலைக்கும் போய்விட்டது. பம்பாயில் 1890 வாக்கில் டப்பாவாலாக்கள் வீட்டுச் சாப்பாட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் சுமந்ததும் மதியச் சாப்பாட்டைத்தான். நடுவேளைப் பசி அங்கேயும் தனியாகத்தான் நின்றது.

டீ உள்ளே வந்த விதம்

அந்த இடைவெளியில் புகுந்தது டீ. இது தானாக நடந்ததில்லை. வெளிநாட்டுச் சந்தையை மட்டும் நம்பினால் போதாது என்று உணர்ந்த தேயிலை முதலாளிகள், 1903-இல் ஏற்றுமதித் தேயிலைக்கு ஒரு வரி விதிக்க வைத்து, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் டீக்கடை வைக்க ஏற்பாடு நடந்தது. தொழிலாளிக்கு டீ குடிக்க நேரம் கொடுங்கள், களைப்பு நீங்கும், வேலை நன்றாக நடக்கும் என்று முதலாளிகளிடம் எடுத்துச் சொல்லப்பட்டது.

வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தேவை இருந்ததால் பொருள் வரவில்லை. பொருள் இருந்ததால் தேவை உருவாக்கப்பட்டது. கூழும் மோரும் இருந்த இடத்தில் சர்க்கரை போட்ட டீ உட்கார்ந்தது. கூழ் பசியை ஆற்றும், டீ பசியை மறக்க வைக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் டீயிடம் ஒரு பெரிய வசதி இருந்தது. ஐந்தே நிமிடத்தில் குடித்து முடித்துவிடலாம். நேரம் குறைவாக இருக்கும் இடத்தில் ஐந்து நிமிட உணவுதான் ஜெயிக்கும்.

குன்னூர் எலிகள் சொன்ன பாடம்

சோற்றிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. இயந்திர ஆலைகள் பெருகியதும் தீட்டிய வெள்ளை அரிசி எல்லா ஊருக்கும் போனது. தவிட்டோடு சேர்ந்து தயமின் என்ற வைட்டமினும் போய்விட, பெரிபெரி நோய் வந்தது. சென்னை மாகாணத்தின் வடக்குப் பகுதிகளில் இது அதிகம். இதை ஆராய 1918-இல் நீலகிரியில் உள்ள குன்னூரில் ராபர்ட் மெக்கேரிசன் ஒரு சிறிய ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். 1958-இல் ஹைதராபாத்துக்குப் போன இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான்.

மெக்கேரிசன் 1920-களில் செய்த ஒரு சோதனை மிகவும் பேசப்பட்டது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த பஞ்சாப் உணவைச் சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. வெள்ளை அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை உணவு எலிகள் கடைசி வரிசையில் நின்றன. அவருக்குப் பின் 1935-இல் வந்த ஆய்க்ராய்ட், 1937-இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அரிசியை மட்டும் சாப்பிடாமல் பருப்பு, கீரை, சிறுதானியம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் குன்னூரின் செய்தி.

அதாவது, வரப்பில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழும் மொச்சையும் சாப்பிட்டவர் அறியாமல் செய்ததை, விஞ்ஞானம் மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் சுமார் 350 மில்லி கிராம். தீட்டிய அரிசியில் 10 மில்லி கிராம் கூடத் தேறாது.

கடலையின் பயணம்

இந்தக் கதையில் நல்ல திருப்பம் ஒன்றும் உண்டு. அது வேர்க்கடலை. தென் அமெரிக்காவில் பிறந்த இந்தப் பயிர், 19-ஆம் நூற்றாண்டில் தென்னாற்காடு பகுதியில் பெருமளவு பயிராகி, புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்சேய்க்கு எண்ணெய்க்காகக் கப்பலேறியது. ஏற்றுமதிக்காக விளைந்த பொருள் மெல்ல உள்ளூர்க்காரர்களின் மடிக்கும் வந்தது. வறுத்தும் அவித்தும் விற்றார்கள். வெல்லப்பாகில் போட்டுக் கடலை மிட்டாய் ஆக்கினார்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 100 கிராம் கடலையில் கிட்டத்தட்ட 24 கிராம் புரதம் இருக்கிறது. கெடாது, கனக்காது, பாத்திரம் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கலாம். ஆலைச் சங்குக்கும் ஈடுகொடுத்த, சத்தும் குறையாத தீனி என்றால் இதுதான்.

இன்றைய பைக்கு

1960-களுக்குப் பிறகு பசுமைப் புரட்சி அரிசியைப் பெருக்கியது. ரேஷன் கடை அதை ஏழை வீட்டுக்கும் கொண்டு சேர்த்தது. பசி குறைந்தது, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கம்பும் கேழ்வரகும் சமையலறையை விட்டு மெல்ல வெளியேறின. ஐ.நா. 2023-ஐ சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது அவை திரும்பி வந்தன. ஆனால் கூலிக்காரரின் கலயத்துக்கு இல்லை, வண்ணப் பொட்டலத்தில் கூடுதல் விலையோடு!

எனவே பைக்குள் சத்தான தீனி இல்லை என்றால் அந்த மனிதரை மட்டும் குறை சொல்வது சரியாகாது. அவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது, உட்கார இடம் இருக்கிறதா, விடியற்காலையில் எழுந்து அதைக் கட்டித் தருவது யார் என்றும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஒரு பெண்தான். அவரும் அதே பேருந்தில் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். அவருடைய நேரத்தை எந்தத் தொழிற்சாலைச் சட்டமும் கணக்கில் எடுத்ததில்லை.

வீட்டில் எல்லோரும் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொண்டால் தீர்வு அவ்வளவு கடினமில்லை. இரவில் ஊறப்போட்ட கொண்டைக்கடலை ஒரு நாள், பொரியும் பொட்டுக்கடலையும் ஒரு நாள், எள்ளுருண்டை ஒரு நாள், வாழைப்பழமும் வறுத்த கடலையும் ஒரு நாள், பாசிப்பயறு ஒரு நாள். ஐந்து நாளும் முடிந்தது. எல்லாமே பெட்டிக்கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கிற பொருள்தான்.

1884-இல் பம்பாய்த் தொழிலாளிகள் அரை மணி கேட்டார்கள். அந்த அரை மணி இன்று பலருக்கு இருக்கிறது. அதில் என்ன சாப்பிடுவது என்பதையாவது டீ விளம்பரத்திடம் விட்டுவிடாமல் இருக்கலாம்.