ஆசான் அருகில் இல்லாத பாடம்

எங்கள் ஊர் எட்டயபுரத்தில் 1904-ல் ஒரு புத்தகம் அச்சாகி வந்தது. சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. கர்நாடக சங்கீத மேதை முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் எங்கள் அரண்மனை வித்துவான். அவருக்குப் பேரனும் சுவீகாரப் பிள்ளையுமானவர் சுப்பராமர். சமஸ்தான ஆதரவில், ஊரிலேயே இருந்த வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில் ஏறத்தாழ 1,700 பக்கம் அச்சடித்தார்கள். அதுவரை பாட்டுப் படிப்பதென்றால் பெரும்பாலும் குருவுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் பாடியதைக் கேட்டுத் திரும்பப் பாடுவதுதான். குரல் எங்கே வழுக்குகிறது, எங்கே நடுங்குகிறது என்பதையெல்லாம் ஸ்வர எழுத்தோடு தனிக்குறிகளாகப் போட்டு, குரு இல்லாத வீட்டுக்கும் பாட்டை அனுப்பப் பார்த்தார் சுப்பராமர். சென்னையில் கீர்த்தனைகளை ஐரோப்பிய முறையில் எழுதி அச்சிட்டுக்கொண்டிருந்த ஏ.எம்.சின்னசாமி முதலியார், பார்வை மங்கிவந்த காலத்தில் எங்கள் ராஜாவிடம் விடாமல் வற்புறுத்தியதும் இந்தப் புத்தகம் வர ஒரு காரணம்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். இப்போது வீட்டில் உட்கார்ந்து, ஆன்லைன் பாடம் பார்த்து, பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளைப் படிக்கிறேன். ஆசான் பக்கத்தில் இல்லாமல் கை பழகுமா என்று என்னைக் கேட்பவர்களிடம் இந்தப் புத்தகத்தைத்தான் சொல்வேன். அந்தக் கேள்வி எங்கள் ஊரில் 120 வருஷப் பழசு.

படம் எழுதும் தொழிலுக்கும் எங்கள் பக்கத்தில் வேர் உண்டு. 1906-ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் கருத்துப்படங்களைத் தொடர்ந்து போட்டுத் தமிழுக்கு அவற்றைப் பழக்கியவர் இந்த ஊரில் பிறந்த பாரதி. ஆனால் பையன்கள் உட்கார்ந்து படம் எழுதப் படித்த இடம் என்றால் அது கோவில்பட்டிதான். சி.கொண்டையா ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், ரமணாசிரமத்தில் இருந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், 1940-களில் கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ பிறந்தது அப்படித்தான். அவர் எழுதிய லட்சுமியும் முருகனும் சிவகாசி அச்சில் ஏறி, காலண்டராகத் தமிழ்நாட்டுச் சுவர்களுக்கெல்லாம் போனார்கள். டி.எஸ்.சுப்பையா போன்ற சீடர்கள் கூடவே இருந்து எழுதினார்கள். குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட படங்கள் உண்டு. சீடன் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் எழுத எத்தனை ஆசான்களுக்கு மனசு வரும்?

நான் அந்தப் பரம்பரை இல்லை. சுவர் எழுதும் அண்ணாச்சி ஒருவரிடம் தொழில் பழகினேன். முதலில் பிரஷ் கழுவ வேண்டும். பிறகு சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். நூலில் நீலப்பொடி தடவி, இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் நிரப்ப வேண்டும். சின்னப் படத்தில் கட்டம் போட்டுப் பெரிய சுவருக்கு ஏற்றுவது அதற்கப்புறம். அண்ணாச்சி விளக்கமெல்லாம் சொல்ல மாட்டார். பின்னால் நின்று, "என்னலே, 'ழ' தூங்குது?" என்பார். பிரஷை வாங்கி ஒரே இழுப்பில் அந்த வளைவைத் திருத்திக் கொடுப்பார். அந்த இழுப்பை மட்டும்தான் படித்தேன்.

பிளெக்ஸ் பேனர் வந்து சுவர்த் தொழில் படுத்தது. கடை போர்டு முதல் கல்யாண வாழ்த்து வரை எல்லாம் மிஷினில் அடித்து வந்தன. எங்களில் பலர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார்கள். நான் கம்ப்யூட்டர் சென்டரில் மல்டிமீடியா கோர்ஸ் சேர்ந்தேன். போட்டோஷாப், கோரல்டிரா, கடைசியில் பிளாஷ். சென்டர் பெயர் வேண்டாம். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர், கற்றுக்கொடுத்த பிள்ளையும் போன பேட்சில் படித்து முடித்தவள்தான். பாவம், அவளும் நோட்டைப் பார்த்துத்தான் சொன்னாள். கையில் கிடைத்தது சர்ட்டிபிகேட். அந்த பிளாஷுக்கும் ஆயுசு இல்லை. 1996-ல் வந்தது, 2005-ல் அடோபி கைக்குப் போனது, 2020 டிசம்பர் 31-ஓடு பிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபியே நிறுத்திவிட்டது.

பெரிய ஊர்களின் கதை வேறு. டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் 1956-ல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து கற்றுக்கொடுத்தார். அங்கே படித்த ராம் மோகன்தான் பிறகு இந்திய அனிமேஷனின் பெரிய பெயர். சென்னையில் பென்டாமீடியா 2000-த்திலேயே முழுநீள அனிமேஷன் படங்கள் எடுத்தது. எங்கள் கரிசல்காட்டுக்கு அதெல்லாம் பேப்பரில் படித்த செய்தி.

எங்களுக்குக் கதவு திறந்தது பிளெண்டரால். டொன் ரூசண்டால் என்ற நெதர்லாந்துக்காரர் உருவாக்கியது. அவருடைய கம்பெனி 2002-ல் மூடப்பட்டபோது, மென்பொருளைப் பொதுச்சொத்து போல ஆக்கிவிட வேண்டும் என்று உலகம் முழுக்க நன்கொடை கேட்டார். ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ சேர்ந்தது. இன்றும் யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா நடத்திய ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் பிளெண்டருக்குத் தமிழில் பாடம் கொடுத்தது. ஒவ்வொன்றும் பத்து நிமிஷம் போல ஓடும். அதை ஓடவிட்டு, நிறுத்தி, பக்கத்திலேயே நாமும் செய்து பார்க்க வேண்டும். பதிவு செய்வதற்கு முன் பாடத்தை ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, அவரால் செய்ய முடிகிறதா என்று பார்த்துவிடுவார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. பாடம் தமிழில் கிடைப்பதும் சின்ன விஷயமில்லை. சுப்பராமரின் புத்தகம் தெலுங்கு எழுத்தில் வந்தது. அச்சான ஊர் எட்டயபுரம். ஆனால் தமிழ் எழுத்து மட்டும் தெரிந்தவர் அதைப் படிக்க, சென்னை மியூசிக் அகாடமியின் தமிழ்ப் பதிப்பு வரும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் நான் கொடுத்துவைத்தவன்.

முதல் பயிற்சி பந்து குதிப்பது. உலகத்தில் எங்கே அனிமேஷன் படித்தாலும் பெரும்பாலும் இதில்தான் தொடக்கம். முதல் பிரேமில் பந்தை மேலே வைத்து, அந்த நிலையைப் பதிய 'ஐ' எழுத்தைத் தட்ட வேண்டும். 12-ல் தரை, 24-ல் மறுபடி மேலே. ஓடவிட்டால் பந்து பலூன் மாதிரி மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, மெதுவாக எழுந்திருக்கும். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும்போது இரண்டு முனையிலும் வேகத்தைத் தானாகக் குறைத்துவிடுவது மென்பொருளின் வழக்கம். பந்து தரையைத் தொடும்போது அல்லவா அதிக வேகத்தில் இருக்கும்? அசைவை வளைகோடாகக் காட்டும் கிராப் எடிட்டரைத் திறந்தால் அந்த இடம் கிண்ணத்தின் அடி போல வளைந்திருக்கும். 'வி' தட்டி, வெக்டர் என்று மாற்றினால் வளைவு போய்க் கூர்முனை வரும். பந்துக்கு உயிர் வரும்.

இது வரை பாடம் சொல்லிவிடும். அடுத்த குதிப்பு எவ்வளவு உயரம், ரப்பர் பந்தா, கிரிக்கெட் பந்தா, தரை சிமென்டா, கரிசல் மண்ணா என்பதெல்லாம் நம் கண்ணில்தான் இருக்கிறது. வீடியோவை நான் பார்க்கிறேன். என் பந்தை வீடியோ பார்ப்பதில்லை. அண்ணாச்சி மாதிரி பின்னால் நின்று "தூங்குது" என்று சொல்ல ஆளில்லை.

அதனால் சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் போனேன். செல்போனில் ஆடு நடப்பதை எடுத்து வந்து, பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தேன். இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால்: இதுதான் வரிசை. பின்னங்கால் வந்து ஊன்றும் நேரத்துக்கு முன்னங்கால் இடம் விட்டுக் கிளம்பும். எத்தனையோ கறிக்கடைச் சுவரில் ஆடு எழுதியிருக்கிறேன். நிற்கிற ஆடுதான் எல்லாம். 2025-ல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ப்ளோ' முழுக்க பிளெண்டரில் செய்தது. அதில் வசனமே கிடையாது, பூனையும் நாயும் நடக்கிற நடைதான் பேச்சு. சந்தைக்குப் போய் வந்த பிறகு அந்தப் படத்தை இன்னொரு தரம் பார்த்தேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. பாடம் எந்தப் பதிப்புக்கு எடுத்தது என்பதை முதலில் பாருங்கள். 2019-ல் வந்த 2.80-க்கு முன்பு, பொருளைத் தேர்ந்தெடுக்க மவுஸின் வலது பட்டன், இப்போது இடது. பழைய தமிழ்ப் பாடங்களில் திரையும் வேறு மாதிரி இருக்கும். அது தெரியாமல் முட்டிக்கொண்டு பாதியில் விடுகிற பிள்ளைகள் நிறைய. தொழில் தெரிந்தவர்கள் அந்தப் பாடங்களை இன்றைய பதிப்புக்குத் தமிழில் மறுபடி எடுத்துத் தர வேண்டும். பாடம் எடுப்பதோடு விட்டுவிடாமல், வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளைகள் செய்ததைத் திறந்து பார்த்து, எது தூங்குகிறது என்று சொல்லுங்கள்.