வீட்டு எரிவாயு பாய்லர்: பற்றாத பழுதைக் கண்டறிதல்

வீட்டு எரிவாயு பாய்லர் என்பது குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவை எரித்து, ரேடியேட்டர்களுக்குச் சூடான நீரும் குளிக்க வெந்நீரும் தரும் கருவி. பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் சமையலறைச் சுவரிலோ அலமாரிக்குள்ளோ தொங்கும் வெள்ளைப் பெட்டி இதுதான். தமிழ்நாட்டில் பாய்லர் என்றால் நடுவில் கரி போடும் செம்புப் பாய்லரோ டீக்கடைப் பாய்லரோதான் நினைவுக்கு வரும். டீக்கடையில் நீர் தளதளவென்று கொதிக்கும். இந்தப் பெட்டியில், பெயருக்கு மாறாக, கொதிக்கவே கூடாது. ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பம் வழக்கமாக 50 முதல் 80 டிகிரி செல்சியசுக்குள் நிற்கும்.

லண்டன் ஈழத்தமிழர் வீடுகளில் "ஹீட்டிங் வேலை செய்யேல்ல" என்ற ஒரே வாக்கியத்தில் சொல்லப்படும் குறைக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறிய, பாய்லர் எந்த வரிசையில் வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும்; எந்தப் படியில் நின்றுவிட்டது என்பதைக் காதாலேயே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம்.

பற்றும் வரிசை

தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டாலோ, காம்பி வகையில் (தொட்டியில் சேமிக்காமல் தேவைப்படும்போதே வெந்நீர் தரும் பாய்லர்) வெந்நீர்க் குழாயைத் திறந்தாலோ, பாய்லருக்குக் கட்டளை போகிறது. அது உடனே எரிவாயுவைத் திறந்துவிடுவதில்லை. நீரழுத்தம் போதுமா என்று பார்க்கும். பம்பைச் சுழற்றும். பிறகு விசிறி ஓடி, எரியறையில் முன்பு தங்கிய வாயு ஏதும் இருந்தால் புகைக்குழாய் வழியே வெளியே தள்ளும். காற்று ஓடுவது உறுதியான பிறகே பொறி தட்டும், எரிவாயு வால்வு திறக்கும். சில விநாடிகளுக்குள் சுடர் இருப்பதற்கான அடையாளம் வராவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். சில தடவை முயன்று தோற்றால் பாய்லர் தன்னைப் பூட்டிக்கொண்டு, முகப்பில் ஒரு குறியீட்டைக் காட்டும்.

எந்தச் சத்தமும் வெளிச்சமும் இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை. பாய்லருக்கென்று தனியாக உள்ள சுவிட்சில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கும். பல நேரம் போனது அதுதான். வெளிச்சம் இருந்தும் சத்தம் இல்லையென்றால் கட்டளை வந்து சேரவில்லை: தெர்மோஸ்டாட்டின் பேட்டரி, டைமர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் காம்பி பற்றுகிறது, ரேடியேட்டருக்கு மட்டும் பற்றவில்லை என்றால் எரிவாயு, பொறி, சுடர் மூன்றுமே நலம் என்று அந்த ஒரு சோதனையே சொல்லிவிடும்.

முகப்பிலுள்ள அழுத்தமானி குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். வெகுவாக இறங்கியிருந்தால் பல பாய்லர்கள் பொறிகூடத் தட்டாது. பாய்லருக்கு அடியில் பின்னல் உறை போட்ட குழாயின் வால்வுகளைத் திறந்து நீர் ஏற்றலாம். ஏற்றிய பின் மூட மறப்பவர் உண்டு. அழுத்தம் 3 பாரைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவரில் நீர் சொட்டும்.

விசிறி சுழல்கிறது, பொறி தட்டவில்லை என்றால் காற்றோட்டம் உறுதியாகவில்லை: புகைக்குழாய் அடைப்பு, விசிறியின் தளர்ச்சி, பழைய வகைகளில் காற்றழுத்த சுவிட்சுக்குப் போகும் சிறு குழாயில் தேங்கிய நீர்த்துளி. பொறி "டிக் டிக்" என்று தட்டியும் பற்றவில்லை என்றால் முதலில் அடுப்பைப் பற்றவைத்துப் பார்ப்பது நல்லது. அடுப்பும் எரியவில்லையென்றால் குறை பாய்லரில் இல்லை. முன்பணம் கட்டும் மீட்டரில் பணம் தீர்ந்திருக்கலாம்; பணம் போட்ட பிறகும் பொத்தானை அழுத்தினால்தான் சில மீட்டர்கள் வாயுவைத் திறக்கும். மீட்டருக்குப் பக்கத்திலுள்ள அவசரக் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் அடைப்பு.

சுடர் இருந்தும் தெரியாத நிலை

அதிகம் குழப்புவது இது. "புஸ்" என்று பற்றும் ஓசை கேட்கிறது, கண்ணாடித் துளையில் நீலம் தெரிகிறது, சில விநாடிகளில் அணைந்துவிடுகிறது. இங்கே எரிவாயுவும் பொறியும் குற்றமற்றவை; சுடரைப் பாய்லர் உணரவில்லை.

பாய்லர் சுடரை உணரும் விதம் அழகானது. பீங்கான் உறை போட்ட ஒரு உலோகக் கம்பி சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. சுடரில் அயனிகள் இருப்பதால் அது மின்சாரம் கடத்தும். ஆனால் கம்பியின் பரப்பு சிறிது, எதிர்முனையான பர்னரின், அதாவது எரிவாயு எரியும் பாகத்தின், பரப்பு பெரிது. ஆகவே மின்னோட்டம் ஒரு திசையில்தான் நன்றாகப் பாயும். சில மைக்ரோ ஆம்பியர் அளவேயான இந்த ஒருதிசை மின்னோட்டத்தைத்தான் பாய்லரைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகையான போர்டு தேடுகிறது. ஈரத்தாலோ ஒயர் உரசுவதாலோ கசியும் மின்சாரம் இரு திசையிலும் பாயும் என்பதால், அதைச் சுடர் என்று போர்டு ஏமாறாது.

இவ்வளவு மெல்லிய மின்னோட்டத்தைக் கெடுக்கச் சிறு குறை போதும். கம்பியில் படிந்த வெண்படிவு, பீங்கானில் மயிரிழை விரிசல், பர்னரோடு இணையும் எர்த் ஒயரின் தளர்ச்சி ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். சில மாடல்களில் சுவிட்சில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலே சுடர் தெரியாமல் போகும். பொறி தட்டவும் சுடர் உணரவும் ஒரே கம்பியைப் பயன்படுத்தும் மாடல்களும் உண்டு.

குறியீடுகளை அளவோடு நம்ப வேண்டும். வேலன்ட் பாய்லரில் எஃப் 28, வூஸ்டர் பாஷில் ஈஏ, பாக்ஸியில் ஈ 133 ஆகியவை ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன: பற்றவைக்க முயன்றேன், சுடர் தெரியவில்லை. எந்தப் பாகம் கெட்டது என்று அவை சொல்வதில்லை. கேட்டதும் "போர்டு போயிடுச்சு" என்று சொல்லும் மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார். பாய்லரில் விலை கூடிய பாகங்களில் ஒன்று அந்தப் போர்டு.

உறைந்த கழிவுநீர்க் குழாய்

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 முதல் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள், அரிய விலக்குகள் தவிர, புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். குளிர்ந்த ஆவி சற்று அமிலத்தன்மையுள்ள நீராகி ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வடியும். அந்தக் குழாய் வீட்டுக்கு வெளியே ஓடினால், கடும்குளிரில் அதற்குள் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். நீர் திரும்பிப் பாய்லருக்குள் ஏற, பாய்லர் பூட்டிக்கொள்ளும். 2010 டிசம்பர் குளிரில் பிரிட்டன் முழுக்க ஏராளமான பாய்லர்கள் இப்படித்தான் நின்றன.

அடையாளம் எளிது: இரவு உறைபனி, காலையில் பாய்லர் தொடங்க முயலும்போது வயிற்றுக்குள் நீர் புரள்வதுபோல் "களக் களக்" ஓசை. வளைவுகளிலும் வெளிமுனையிலும்தான் அடைப்பு விழும். அங்கே வெதுவெதுப்பான நீரை ஊற்றலாம், வெந்நீர்ப் பையை வைத்துக் கட்டலாம். கொதிக்கும் நீர் கூடாது, பிளாஸ்டிக் வெடிக்கும். உருகியதும் ரீசெட் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் பற்றிக்கொள்ளும். மெல்லிய குழாயை எடுத்துவிட்டு வெளிப்பகுதிக்கு 32 மில்லிமீட்டர் குழாய் போட்டு, உறை சுற்றினால் அடுத்த குளிர்காலத்துக்குக் கவலை குறையும்.

வீட்டார் எதுவரை செய்யலாம்

ஃபியூஸ், தெர்மோஸ்டாட், மீட்டர், நீரழுத்தம், உறைந்த குழாய், ஓரிரு முறை ரீசெட்: இதுவரை வீட்டார் வேலை. பொத்தானை ஓயாமல் அழுத்துவது தவறு. பூட்டு விழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. எரியறையை மூடும் உறையைக் கழற்றவே கூடாது. பல மாடல்களில் புகை அறைக்குள் கசியாமல் தடுக்கும் அடைப்பே அந்த உறைதான். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அங்கேயிருந்துதான் வரும். எரிவாயுப் பகுதியைத் தொட, கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிந்த பொறியாளர் வேண்டும். இந்தப் பதிவேடு 2009 ஏப்ரலில் கோர்கி என்ற பழைய பதிவேட்டின் இடத்துக்கு வந்தது. வாடகை வீட்டில் ஆண்டுதோறும் சோதனை செய்விப்பது வீட்டுக்காரர் கடமை.

வாயு வாடை அடித்தால் பழுது தேடுவதையெல்லாம் விட்டுவிட வேண்டும். மீட்டருக்குப் பக்கத்திலுள்ள அவசரக் கைப்பிடியை மூடி, சன்னல்களைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 0800 111 999 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

பைலட் சுடர் உள்ள பழைய பாய்லர்கள்

இவற்றில் சிறு சுடர் ஒன்று எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதன் சூட்டில் தெர்மோகப்பிள் 25 முதல் 30 மில்லிவோல்ட் வரை மின்னழுத்தம் உண்டாக்கி, வால்விலுள்ள மின்காந்தத்தைப் பிடித்துவைக்கும். பற்றவைத்த பிறகு குமிழியை அரை நிமிடம்போல அழுத்திப் பிடிப்பது தெர்மோகப்பிள் சூடேறத்தான். கையெடுத்ததும் சுடர் அணைந்தால் முதல் சந்தேகம் அதன்மேல். மாற்றியும் அணைந்தால் வால்வின் மின்காந்தத்தின்மேல்.