இல்லமே பள்ளியான வரலாறு

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்வோர் அறிவார்கள், சூளைக்குள் செல்லுமுன்னரே அச்சில் உருவம் அமைந்துவிடுகிறது என்று. குழந்தையின் ஒழுக்கமும் பள்ளியின் வாசலை மிதிக்குமுன்னரே இல்லத்தில் உருப்பெறுகிறது என்னும் கருத்தைத் தம் வாழ்நாள் ஊழியமாகக் கொண்ட தமிழ்க் கிறிஸ்தவ மாதரசி அன்னா சத்தியநாதன் (1832–1878) ஆவார்.

திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் புரிந்த ஜான் தேவசகாயத்தின் புதல்வியான அவர், கணவர் டபிள்யூ. டி. சத்தியநாதனுடன் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் குடிபுகுந்தபின், தம் வீட்டிலேயே பெண்குழந்தைகளைக் கூட்டி எழுத்தும் கணக்கும் வேதபாடமும் போதித்தார். கோஷா முறையால் வெளிவர இயலாத மாதரிடம் தாமே வீடுதோறும் சென்று, வாசிப்போடு தையலையும் கற்பித்தார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டோர் மலிந்திருந்த காலம் அது.

தாய்மார்க்கென்று அவர் தமிழிலேயே எழுதிய 'நல்ல தாய்' என்னும் நூல் குழந்தை வளர்ப்பைப் பேசுகிறது. 'கிறிஸ்தவ இல்லம்' என்னும் இலட்சியத்தில் மிஷனரிமாரின் ஐரோப்பிய வாசனை வீசியது உண்மையே. எனினும் அதைத் தமிழ்த் தாய்மாரின் பாஷையில், தமிழ்த் தாயாக நின்று உபதேசித்த பெருமை அன்னாவுக்கே உரியது. வேதனத்துக்கு அமர்ந்த ஆசிரியை செய்யவியலாத காரியம் இது என்பேன்.

அவர் மகன் சாமுவேல் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். சாமுவேலின் முதல் மனைவி கிருபாபாய் ஆங்கிலத்தில் 'சகுணா' என்னும் புதினத்தை எழுதினார். இரண்டாம் மனைவி கமலா 1901-இல் 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்னும் மாத இதழைச் சென்னையில் தொடங்கினார்.