குடவோலையும் ஏழாம் வகுப்பு வீட்டுப்பாடமும்

"சோழர் கால ஆட்சியையும் இன்றைய ஆட்சியையும் ஒப்பிடுக." இப்படி ஒரு வீட்டுப்பாடம் வந்துவிட்டால் பிள்ளையோடு சேர்ந்து வீட்டுப் பெரியவர்களும் திண்டாட வேண்டியதுதான்! நோட்டின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் குடவோலை, வலப்பக்கம் தேர்தல். கீழே "அன்றே நம்மிடம் மக்களாட்சி இருந்தது" என்று ஒரு வரி. மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் கல்வெட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அந்தக் கடைசி வரியை எழுதக் கை தயங்கும்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன அந்தக் கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழன் காலத்தவை, ஒன்று கி.பி. 919, மற்றொன்று 921. முதலில் எழுதிய விதிகள் போதவில்லை போலும், இரண்டே ஆண்டில் திருத்திவிட்டார்கள். 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என்று மாறியது.

ஊரில் 30 குடும்புகள். இன்றைய வார்டு மாதிரி என்று பிள்ளைக்குச் சொல்லலாம். தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுப்பான். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஒளித்து மாற்றிவிடக் கூடாதே! பிறகு எல்லோர் காதிலும் விழும்படி படிப்பார்கள். இப்படி வந்த 30 பேரில் 12 பேர் ஆட்டை வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள்.

இதில் யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இது குலுக்கல். பிரசாரத்துக்கோ பணத்துக்கோ இங்கே வேலையே இல்லை.

வியக்க வைப்பது கணக்கு விஷயம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமா? அவருடைய அப்பா, மகன், சகோதரன், மாமனார், மருமகன், மைத்துனன், அத்தை மகன் என்று உறவுப் பட்டியலே போட்டு எல்லோரையும் விலக்கியிருக்கிறார்கள். இன்று தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாத சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளருக்கு 3 ஆண்டு தடை உண்டு. மைத்துனருக்குக் கிடையாது. கணக்கில் கண்டிப்பு எந்தப் பக்கம் அதிகம் என்று பிள்ளையே சொல்லிவிடும்.

ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போகும்? உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் (சுமார் ஒன்றரை ஏக்கருக்கும் அதிகம்) வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். வேதத்தில் கூடுதலாகத் தேர்ந்தவருக்கு அரைக்கால் வேலி போதும். அந்த நிலத்தில் இறங்கி உழுதவருக்கோ பெண்களுக்கோ ஓலை கிடையாது. ஏரியில் தண்ணீர் குறைந்தால் முதலில் தவிப்பது உழுதவர்தான், ஏரி வாரியத்தில் அவர் இல்லை.

வலப்பக்கத்தில் 1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தையும், 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் எழுத வேண்டும். 21 வயது நிரம்பினால் போட்டியிடலாம், நிலம் கேட்பதில்லை. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ப இடங்கள். பெண்களுக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கு, 2016-இல் தமிழ்நாட்டில் அது 50 சதவீதம் ஆனது.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு, "அப்போ ராஜாவுக்கும் குடத்திலேதான் ஓலை எடுத்தாங்களா?" என்று பிள்ளை கேட்கலாம். இல்லை. சபை கூடி விதி வகுத்தபோதுகூட அரசன் ஆணையோடு வந்த அதிகாரி பக்கத்தில் இருந்தார். பராந்தகனுக்குப் பிறகு அரியணை ஏறியது அவன் மகன் கண்டராதித்தன்.