திறமையா, அதிர்ஷ்டமா? காட்டன் தெருவுக்கு போக்கர் வந்த கதை

இன்னைக்கு எபிசோட் போன்ல காசு கட்டி ஆடுற போக்கர் பத்தி. ஆனா காட்டன்ல இருந்து ஆரம்பிக்கணும்.

வடசென்னைல வளர்ந்தவங்களுக்கு சூதாட்டம்னா முதல்ல ஞாபகம் வர்றது காட்டன்தான். காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கம் காட்டன் சூதாட்டத்துல கைதுன்னு இன்னைக்கும் பேப்பர்ல வருது. சூதாட்டத்துக்கு ஏன் பருத்தியோட பேரு? நியூயார்க்ல இருந்து பம்பாய்க்கு தந்தியில வர்ற பருத்தி விலைல கடைசி நம்பர் என்னன்னு பந்தயம் கட்டுவாங்க. 1961 வாக்குல அந்த விலை வர்றது நின்னு போச்சு. உடனே பானைக்குள்ள சீட்டு போட்டு நம்பர் எடுக்க ஆரம்பிச்சாங்க. பானைக்கு அங்க மட்கான்னு பேரு. பருத்தி போயிடுச்சு, பேரு மட்டும் நம்ம தெருவுல தங்கிடுச்சு. அப்புறம் லாட்டரி. 2003 ஜனவரியில தமிழ்நாடு அரசு அதை மொத்தமா தடை பண்ணுச்சு.

காட்டனும் லாட்டரியும் சுத்தமான அதிர்ஷ்டம், அதுல வாதமே கிடையாது. போக்கர் உள்ள வந்தது வேற கதவு வழியா. அந்தக் கதவுக்குப் பேரு திறமை.

அதைத் திறந்தது ரம்மி. செகந்திராபாத்ல ஒரு கிளப்ல ரம்மி ஆடினவங்களை போலீஸ் பிடிச்சு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1968 தீர்ப்புன்னு எல்லாரும் சொல்ற சத்தியநாராயணா வழக்கு இதுதான். எந்தச் சீட்டு விழுந்ததுன்னு ஞாபகம் வைக்கணும், எதை வைக்கணும் எதை எறியணும்னு யோசிக்கணும், அதனால ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்னு கோர்ட் சொல்லுச்சு. மூணு சீட்டு சுத்த அதிர்ஷ்டம்னு அதே தீர்ப்புல இருக்கு. ரம்மி கம்பெனிகள் நீட்டுறது இந்தத் தீர்ப்பைத்தான். அதுலயே இன்னொரு வரியும் இருக்கு: பந்தயம் வச்சு ஆடுற ஆட்டத்துல இருந்து கிளப் நடத்துறவரே லாபம் பார்த்தா, அது குற்றமாகலாம். இந்த வரியை எந்த விளம்பரத்துலயும் நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டுல நிஜக் காசு வச்சு ஆன்லைன் போக்கர் 1998-ல ஆரம்பிச்சது. 2003-ல கிறிஸ் மணிமேக்கர்னு ஒரு அக்கவுன்டன்ட், நூறு டாலருக்கும் குறைவா கட்டி இணையத்துல ஒரு தகுதிப் போட்டி ஜெயிச்சு, லாஸ் வேகாஸ் போய் 25 லட்சம் டாலர் எடுத்துட்டு வந்தார். ஆமா, நிஜப் பேரே மணிமேக்கர்தான். உலகம் முழுக்க காலேஜ் பசங்க போக்கர் பக்கம் திரும்பினதுக்கு அந்த ஒரு ஜெயிப்பு பெரிய காரணம். இந்தியால அட்டா52 2011-ல வந்துச்சு, போக்கர்பாஸி 2014-ல. ஆனா கதவு முழுசா திறந்தது 2016-ல. அந்த ஒரே வருஷத்துல ஜியோ டேட்டா, யுபிஐ, பணமதிப்பிழப்பு மூணும் வந்துச்சு. காசும் ஆட்டமும் ஒரே போனுக்குள்ள வந்துடுச்சு.

அப்ப நாங்க இன்ஜினியரிங் படிச்சுட்டு இருந்தோம். கும்மிடிப்பூண்டி லைன்ல எண்ணூர்ல ஏறுற ஒரு நண்பன் ராயபுரம் வர்றதுக்குள்ள முப்பது நாப்பது கை ஆடி முடிச்சிருப்பான். அவன் முட்டாள் இல்லைங்க, எங்க கிளாஸ்லயே புராபபிலிட்டி நல்லா தெரிஞ்சவன். ஒவ்வொரு நாள் கணக்கையும் எக்செல்ல போட்டு வைப்பான். ஒரு ரூபா, ரெண்டு ரூபா டேபிள்ல நாலு மாசம் லாபத்துல இருந்தான். ஒரு ராத்திரி டோர்னமென்ட்ல 22,000 ரூபா ஜெயிச்சு அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தான். அப்புறம் பெரிய டேபிளுக்குப் போனான். செமஸ்டர் ஃபீஸ் போச்சு, அதை மீட்க கடன் வாங்கினான். அவனோட எக்செல்ல அந்த மூணு மாசம் மட்டும் காலியா இருக்கும்.

ஏன் இப்படி ஆகுதுன்னு கணக்கா பார்ப்போம். உங்க கையில ரெண்டு ஏஸ், எதிராளி கையில ரெண்டு கிங். இதைவிட நல்ல நிலைமை ரொம்ப அபூர்வம். அப்பவும் கிட்டத்தட்ட அஞ்சு தடவைக்கு ஒரு தடவை தோத்துடுவீங்க. திறமை வேலை செய்யும், ஆனா ஆயிரக்கணக்கான கைகளுக்கு அப்புறம்தான் தெரியும். அதுவரைக்கும் தாங்க பையில காசு வேணும். மாணவன்கிட்ட இல்லாதது அதுதான்.

அடுத்தது கமிஷன். ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபா வச்சு உட்கார்றாங்க. ஒரு கையில சராசரியா 100 ரூபா சேருது, கம்பெனி அஞ்சு சதவீதம் எடுக்குதுன்னு வச்சுக்கங்க. நேர்ல ஆடினா மணிக்கு முப்பது கை, 150 ரூபா. போன்ல எழுபது கை, 350 ரூபா. நாலு மணி நேரத்துல 6,000 ரூபாயில 1,400 காணாமப் போயிடும், ஆறு பேரும் மேதையா இருந்தாலும். கோர்ட்ல எல்லாரும் திறமையா அதிர்ஷ்டமான்னு சண்டை போட்டாங்க. பையனைத் தின்னது வேகமும் கமிஷனும்.

லாக்டவுன்ல இது வெடிச்சது. 2020 நவம்பர்ல தமிழ்நாடு அவசரச் சட்டம் போட்டுச்சு, அதுக்குப் பின்னாடி வந்த சட்டத்தை 2021 ஆகஸ்ட்ல ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. காரணம்? திறமை ஆட்டத்தை மொத்தமா தடுக்க முடியாது. 2022 ஜூன்ல மணலி புதுநகர்ல ஒரு இளம்பெண் ஆன்லைன் ரம்மில பணத்தை இழந்து உயிரை விட்டாங்க. (கடன் நெருக்குதுன்னா 104 இல்லைன்னா 14416-க்கு கூப்பிடுங்க, ராத்திரியிலயும் எடுப்பாங்க.) சில நாள்லயே நீதிபதி சந்துரு குழு அமைஞ்சது. புதுச் சட்டம் வந்து, கவர்னர் திருப்பி அனுப்பி, 2023 ஏப்ரல்ல ஒப்புதல் கிடைச்சது. நவம்பர்ல ஹைகோர்ட் சட்டத்தை விட்டுட்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுச்சு. மறுபடியும் அதே திறமை.

எனக்குப் பிடிச்சது 2025 பிப்ரவரி விதிமுறைகள்தான். ராத்திரி பன்னண்டுல இருந்து காலைல அஞ்சு வரைக்கும் லாகின் கிடையாது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். திறமையைப் பத்தி பேசாம, நேரத்தைப் பத்தி பேசின விதி இது. ஜூன்ல ஹைகோர்ட்டும் செல்லும்னு சொல்லிடுச்சு.

ஆகஸ்ட் 22-ல மத்திய அரசோட சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடுற எல்லா ஆன்லைன் ஆட்டத்துக்கும் தடை. பெரிய ஆப்கள் காசு ஆட்டத்தை நிறுத்திட்டாங்க. வெளிநாட்டு சைட் லிங்க் இன்னும் வந்துட்டுதான் இருக்கு. அங்க ஆதாரும் கிடையாது, ராத்திரி பூட்டும் கிடையாது. அந்த ராத்திரிப் பூட்டு பசங்களைக் காப்பாத்துச்சான்னு பார்க்க தமிழ்நாட்டுக்குக் கிடைச்சது ஆறே மாசம்.