மாத்தளை மலைநாட்டில் பிறரன்பு: உபதேசிமார் காலமுதல் 1983 வரை

ஒருவனைக் கண்டமாத்திரத்தில் அவன் சாதியையும் பாஷையையும் உடையையும் கொண்டு இன்னானென்று தீர்மானித்துவிடும் துர்வழக்கத்துக்குக் கிறிஸ்தவ மார்க்கம் கூறும் பரிகாரம் பிறரன்பு ஒன்றே. யூதர் இழிவாய் எண்ணிய சமாரியனையே இரக்கத்துக்கு உத்தம திருஷ்டாந்தமாக நிறுத்திய இயேசுநாதரின் உவமை, இலங்கையின் மாத்தளைப் பகுதியில் எவ்விதம் அனுஷ்டிக்கப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தமிழ்நாட்டுக் கரையிலே தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்கிய கோப்பித் தோட்டத் தொழிலாளர், காடும் வறட்சியும் காய்ச்சலும் நிறைந்த வடபாதை வழியே கால்நடையாய்த் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை வந்தடைந்தனர். வாந்திபேதி கண்டு வழியிலேயே மாண்டவர் பலர். பிழைத்து வந்தோருக்கு வாய்த்தவை, குடும்பம் முழுவதும் ஒரே அறையில் சமைத்து உறங்கும் லயமும், விடியற்காலையில் ஆட்கணக்கெடுக்கும் பெரட்டும், கங்காணியின் கடன்கணக்குமே. கடன்தொகை குறித்த ‘துண்டு’ கையிலின்றி வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர இயலாது. 1921இல்தான் அம்முறை ஒழிந்தது. துண்டின்றிப் புறப்பட்டவனைத் துரைமார் ஓடுகாலி என்றனர். அவன் ஏன் புறப்பட்டான் என்று விசாரித்தவர் மிகச் சிலரே.

இந்நிலையில், 1854இல் சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ ஆரம்பமாகி, திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டனர். வேலை முடிந்து தொழிலாளர் லயத்துக்குத் திரும்பும் அந்தி வேளையில் அவர்களை நாடிச் சென்று, அவர்தம் பாஷையிலேயே பேசி, வேதத்தோடு எழுத்தும் கற்பித்த அவ்வுபதேசிமாரின் பணியை நான் குறைத்து மதிப்பிடேன். ஆயினும், மிஷனுக்குப் பொருளுதவி செய்தவருள் தோட்டத் துரைமாரும் இருந்தமையால், கர்த்தரின் சந்நிதியில் யாவரும் சமானம் என்று போதித்தவருக்குக் கூலியைப் பற்றியும் கடனைப் பற்றியும் துரையிடம் வாதாடுவது எளிதாயிருக்கவில்லை. அன்பு இருந்தது, அது தர்மம் கொடுப்பவன் கையிலிருந்து இறங்கிய அன்பு.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழருள் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. இக்கணக்குக்குள் அகப்பட்ட மனிதரைத் தர்மத்துக்குரியோராக அன்றிச் சம உரிமையுடைய அயலாராகக் கண்டவர்களுள் முக்கியமானவர், 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தை ஸ்தாபித்த இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் ஆவார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் அங்கே கூடி வேலை செய்தனர். ஒரே பானைச் சோற்றை உண்டு பழகியவரைப் பற்றி வதந்தி கேட்டவுடன் தீர்ப்புக் கூற மனம் எளிதில் இணங்காது. பிரசங்கத்தைக் காட்டிலும் இப்பழக்கமே துவேஷத்துக்குச் சிறந்த மருந்தென்பது என் துணிபு.

அம்மருந்து நாடெங்கும் பரவுமுன் 1977இலும், அதனினும் கொடிதாக 1983 ஜூலையிலும் தமிழருக்கெதிரான கலகம் மூண்டது. மாத்தளை நகரில் தமிழர் கடைகள் தீக்கிரையாயின. ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. மாத்தளையையும் உள்ளடக்கிய ஆங்கிலிக்கன் குருநாகல் மறைமாவட்டத்தின் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அச்சமயம் இங்கிலாந்தில் இருந்தார். திரும்பி வந்த அச்சிங்களப் பெருமகன், தமிழர் அனுபவித்த துன்பத்துக்காகச் சிங்களவர் வெட்கப்படவேண்டும், மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தம் சபையார் முன்னிலையில் வெளிப்படையாய் அறிக்கையிட்டார். பிற இனத்தானுக்கு உதவுவது ஒன்று. தன் இனத்தார் இழைத்த அநீதியைத் தன் இனத்தார் முன்னிலையிலேயே எடுத்துரைப்பது முற்றிலும் வேறொன்று. 1854 முதல் இம்மலைநாட்டுச் சபை நடந்துவந்த பாதையில் இதுவே மிகத் தொலைவான எல்லை எனக் கருதுகிறேன். 1983 அக்டோபர் 23ஆந் தேதி ஆயர் காலமானார்.

நாடற்றோராய் எஞ்சியவருக்குப் பிரஜாவுரிமை அளிக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறிற்று. லய அறைகளோ இன்றும் தோட்டங்களில் நிற்கின்றன. ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏச்சும் ஓயவில்லை. அவ்வேச்சு சிங்களவர் வாயிலிருந்து பிறந்ததன்று. தமிழராகிய நம்மவர், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் தவறாது செல்வோர் உட்பட, நம் மொழியிலேயே ஆக்கி வழங்கிவருவது அது.