'வெள்ளம்' என்னும் சொல்லும் அமெரிக்க வீட்டுக் காப்பீட்டு வழக்குகளும்

1. முன்னுரை

2005 ஆகஸ்டு 29ஆம் நாள் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் வளைகுடாக் கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் கால்வாய்க் கரைகள் உடைந்து, நகரின் ஏறத்தாழ 80 விழுக்காட்டுப் பகுதி நீரில் மூழ்கியது. வீடிழந்தோர் இழப்பீடு கோரியபோது, காற்றினால் விளைந்த சேதத்திற்கே தாம் பொறுப்பு என்றும் வெள்ளச் சேதம் ஒப்பந்தத்தில் விலக்கப்பட்டுள்ளது என்றும் காப்பீட்டு நிறுவனங்கள் கூறின. இதனால் எழுந்த வழக்குகளின் மையத்தில் இருந்தது சொற்பொருட் சிக்கலே. அதனை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. காற்றும் நீரும் பிரிந்த வரலாறு

1927இல் நேர்ந்த மிசிசிப்பி ஆற்றுப் பெருவெள்ளத்திற்குப்பின் தனியார் நிறுவனங்கள் வெள்ளக் காப்பீட்டிலிருந்து பெரும்பாலும் விலகிக்கொண்டன. 1965இல் வீசிய பெட்சி சூறாவளியின் அழிவு அரசின் கவனத்தை ஈர்த்தது. 1968இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் காற்றுக்கு ஓர் ஆவணம், நீருக்கு வேறோர் ஆவணம் என்னும் நிலை நிலைபெற்றது. சூறாவளியோ இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டு வருவது. இயற்கை பிரிக்காத ஒன்றை ஒப்பந்த மொழி பிரித்தது. வழக்குகளுக்கு வித்து இதுவே.

3. இருபொருண்மையா, பொதுமையா?

'வெள்ளம்' என்பது இயற்கையாக நேர்வதையே குறிக்கும். மனிதர் பிழையாகக் கட்டிய கரை உடைந்து பெருகிய நீர் அதனுள் அடங்காது என்பது நியூ ஆர்லியன்ஸ் வீட்டுக்காரர்களின் வாதம். லூசியானா உரிமையியல் சட்டத்தின் 2047ஆம் பிரிவு, ஒப்பந்தச் சொற்களுக்குப் பொதுவழக்கிலுள்ள பொருளைக் கொள்ளவேண்டும் என்கிறது. ஐயம் நீங்காதவிடத்து, வாசகத்தை எழுதித் தந்தவருக்கு எதிராகப் பொருள்கொள்ளவேண்டும் என்பது 2056ஆம் பிரிவு. ஆகவே சொல் ஐயத்திற்கிடமானது என நிறுவுவதே வீட்டுக்காரர்களுக்கு வாழ்வாதாரச் சிக்கலாயிற்று.

2006 நவம்பரில் கூட்டரசு மாவட்ட நீதிபதி ஸ்டான்வுட் டுவால், ஆராயப்பட்ட ஆவணங்கள் பலவற்றில் இச்சொல் இருபொருள் தருவதாகத் தீர்ப்பளித்தார். 2007 ஆகஸ்டில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் நோக்கி அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கமாக உலர்ந்திருக்கும் நிலத்தை நீர் மூடுவதே வெள்ளம். கரையுடைப்பும் அதற்குப் புறம்பன்று என்பது அதன் கருத்து. 2008 ஏப்ரலில் லூசியானா உச்ச நீதிமன்றமும் வேறொரு வழக்கில் இதே முடிவுக்கு வந்தது.

இங்கு மொழியியலார் கருதத்தக்கது ஒன்றுண்டு. காரணத்தைச் சுட்டாமை ஒரு சொல்லை இருபொருட் சொல்லாக்குவதில்லை. பொதுச் சொல்லாகவே வைக்கிறது. டுவால் இருபொருண்மை எனக் கண்டதை மேல்நீதிமன்றங்கள் பொதுமை எனக் கண்டன. இவ்வேறுபாட்டிலேயே பல குடும்பங்களின் இழப்பீடு தங்கியிருந்தது.

4. காலமும் பெயரும்

விலக்கப்பட்ட காரணம் பிற காரணங்களுடன் ஒரே காலத்திலோ, எந்த வரிசையிலோ சேர்ந்து இழப்பை விளைவித்தாலும் ஈடு இல்லை என்னும் வாசகமும் பல ஆவணங்களில் இருந்தது. மிசிசிப்பிக் கடற்கரையில் அடித்தளம் மட்டுமே எஞ்சிய வீடுகளுக்கு இது பெருந்தடையாயிற்று. 2009இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கடற்பெருக்கை நீர்ச்சேத விலக்கினுள் அடக்கியது. ஆயினும், காற்று முன்னரே தனியாக விளைத்த சேதத்திற்குரிய ஈட்டைப் பின்வந்த நீர் அழித்துவிடாது என்றும் அந்நீதிமன்றம் விளக்கியது.

2012 அக்டோபர் 29இல் சாண்டி கரையேறுமுன், வானிலையாளர் அதனைச் சூறாவளி என்னும் வகையிலிருந்து நீக்கினர். சூறாவளிக்கெனத் தனியே விதிக்கப்படும், வீட்டுக்காரரே ஏற்கவேண்டிய உயர்ந்த கழிவுத்தொகை பொருந்தாது என நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் ஆளுநர்கள் அறிவித்தனர். இம்முறை வகைப்பெயர் மாற்றம் வீட்டுக்காரர்க்கு நலம் பயந்தது.

5. முடிவுரை

இந்தியாவில் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரட்சா வீட்டுக் காப்பீடு புயல், சூறாவளி, ஆழிப்பேரலை, வெள்ளம், நீர்சூழ்தல் ஆகியவற்றை ஒரே தொகுதியில் வைக்கிறது. எனவே காற்றா, நீரா என்னும் வழக்கிற்கு இங்கு இடம் குறைவு. எனினும், அமெரிக்க ஆவணத்தைத் தமிழாக்குவோர் 'வெள்ளம்' என்பதற்கு ஈடாக 'ஆற்றுப்பெருக்கு' என்றால் கடல்நீர் விடுபடும். 'இயற்கை வெள்ளம்' என்றால் மூலத்தில் இல்லாத காரணம் நுழையும். இரண்டும் ஈடு பெறுவோர் யார் என்பதையே மாற்றிவிடும். மூலம் சொல்லாது விட்டதைச் சொல்லாது விடுதலும் மொழிபெயர்ப்பாளரின் கடமை என்பதை இவ்வழக்குகள் புலப்படுத்துகின்றன.